பஸ்ஸில் தோன்றிய கட்டுரை வீட்டுக்கு வந்தால் எங்கே போகிறது?

இப்படிக் கேட்டு எழுதிய வாசகர் தினமும் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர். ஊரைப் பற்றிக் கட்டுரைகள் எழுதும் ஆசை உள்ளவர். வழியில் வடுவூர் ஏரியைத் தாண்டும்போது எழுத வேண்டியது முழுதாக மனத்தில் ஓடுகிறதாம். இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு வரிகூட மிஞ்சுவதில்லையாம். சில நாள் போனில் குறித்துக்கொண்டும் பார்த்திருக்கிறார். கொஞ்ச நாள் கழித்து எடுத்தால், எதற்காக இதை எழுதினோம் என்றே புரியவில்லை என்கிறார். “எந்த ஆப் நல்லது? எனக்கு மறதி வந்துவிட்டதா?” என்று கேட்டு முடித்திருக்கிறார். என்னைக் கேட்டால், உண்மையான கேள்வி இந்த இரண்டும் இல்லை. நடுவில் போகிறபோக்கில் சொன்ன அந்தப் புகார்தான். குறித்து வைத்த பிறகும் ஏன் எழுத வரவில்லை? அதற்கு விடை கிடைத்தால் ஆப் விஷயம் தானாகத் தீர்ந்துவிடும்.

நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கும்பகோணத்தில் இருந்துகொண்டு இன்றும் பத்தி எழுதுகிறேன். உளவியலைத் தொழிலாகப் படித்தவன் அல்ல. இந்த ஒரு விஷயத்தில் அக்கறை இருந்ததால் ஆய்வுகளைத் தேடிப் படித்திருக்கிறேன். எனவே ஆய்வில் நிலைபெற்றது எது, விவாதத்தில் இருப்பது எது, என் தொழில் பழக்கம் எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

மறதியை முதலில் தள்ளிவிடுவோம். எழுதி வைக்காத எண்ணம் மறந்துபோவது நோய் அல்ல. 1959இல் அமெரிக்காவில் பீட்டர்சன் தம்பதியர் செய்த சோதனை ஒன்று புகழ் பெற்றது. மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லிவிட்டு, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே எண்ணச் சொன்னார்கள். 18 விநாடிகள் கழித்து அந்த எழுத்துகளைக் கேட்டால், சரியாகச் சொன்னது பத்தில் ஒரு பங்கு அளவுதான். கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள், கிழவர்கள் அல்ல. உங்கள் எண்ணத்துக்குப் பொருள் இருக்கிறது, அந்த எழுத்துகளுக்கு இல்லை; அதனால் அது இன்னும் சற்று நேரம் தாங்கும். ஆனால் மனம் வேறு வேலைக்குத் திரும்பிய மாத்திரத்தில் கையில் இருந்தது நழுவத் தொடங்குகிறது என்பதில் சந்தேகம் இல்லை. வடுவூருக்கும் உங்கள் வீட்டு மேசைக்கும் நடுவே நடத்துநர் சில்லறை கேட்கிறார், அலுவலகம் ஒரு முழு நாளைத் தின்கிறது, மாலையில் போன் வருகிறது. எண்ணம் மிஞ்சினால்தான் ஆச்சரியம். தெரிந்த வழி மறக்கிறது, கொடுத்த பணம் மறக்கிறது, வீட்டார் பெயர் தடுமாறுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். கட்டுரைத் தலைப்பு மறந்ததற்கெல்லாம் பார்க்க வேண்டாம்.

“நல்ல எண்ணம் என்றால் அதுவே திரும்பி வரும், குறித்து வைக்கத் தேவையில்லை” என்று சொல்கிறவர்கள் உண்டு. அனுபவம் உள்ளவர்களே சொல்வார்கள். பாதி சரி. பொருள் திரும்பி வரும். கொள்முதல் நிலையத்தில் நெல் நனைவது, வாய்க்கால் தூர்ந்து கிடப்பது, குறுவைக்குத் தண்ணீர் கடைமடை வருமா வராதா என்பது எல்லாம் வருடந்தோறும் தாமாகவே வந்து நிற்கும். அவற்றை மறக்க டெல்டாவில் யாராலும் முடியாது. திரும்பி வராதது, அந்தப் பொருளுக்குள் உங்களை அன்றைக்கு இழுத்துப் போட்ட சிறு விஷயம்: ஒருவர் சொன்ன சொல், கண்ணில் பட்ட ஒரு முரண், உங்களுக்குள் எழுந்த ஒரு கேள்வி. அது இல்லாமல் எழுதினால் எல்லோரும் எழுதிய கட்டுரையை நீங்களும் ஒரு முறை எழுதுவீர்கள்.

உங்கள் போன் குறிப்புகள் உங்களுக்கே புரியாமல் போவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நீங்கள் பொருளின் பெயரைக் குறித்திருப்பீர்கள். “கொள்முதல் – ஈரப்பதம்” என்று இருக்கும். எழுதும்போது அந்த இரண்டு சொல்லே போதும் என்று தோன்றும், ஏனென்றால் மீதியெல்லாம் அப்போது மனத்தில் பளிச்சென்று நிற்கிறது. பத்து நாள் கழித்துப் படிக்கிறவர் வேறு ஆள். அவரிடம் அந்த மீதி இல்லை. அதே எண்ணத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: “பாபநாசத்துக்கு முன்னால், சாலையில் பாதியை அடைத்து நெல் காய்கிறது. ஓர் அம்மாள் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். காய்ந்துவிட்டது என்றார். உடனே, மெஷின் என்ன சொல்லப்போகிறதோ என்றார். பல் சொன்னதை மெஷின் ஒப்புக்கொள்ளாத நாளில் அவர் என்ன செய்வார்?” எழுத ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் கட்டுரை அந்தக் கடைசிக் கேள்வியில் நின்று காத்திருக்கும். கொள்முதல் நிலையத்தில் மெஷின் அளக்கும் ஈரப்பதத்துக்கு வரம்பு 17 சதவீதம், மூட்டைக்கு 40 கிலோ என்பதையெல்லாம் அந்தக் குறிப்பில் நான் எழுதமாட்டேன். அவற்றை எந்த நாளும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த அம்மாளின் வாயிலிருந்து வந்த வரிசையை, காய்ந்துவிட்டது என்று சொன்ன அதே மூச்சில் மெஷினை நினைத்ததை, இரண்டாம் முறை எங்கும் கேட்டு வாங்க முடியாது.

செய்தி மேசையில் எங்களுக்குச் சொல்லித்தந்த பழக்கமும் இதுவே. நிகழ்ச்சிக்குப் போன நிருபர் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது பிறர் வாய்ச்சொல்லை. அடுத்து, கண்ணால் பார்த்ததில் ஒன்றை. பெயர், பதவி, தொகை, தேதி எல்லாவற்றையும் போன் செய்து சரிபார்த்துக்கொள்ளலாம். பேச்சு காற்றில் போய்விடும். கட்டுரை எழுதுகிறவர் இவற்றோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இது ஏன் என்னை உறுத்துகிறது என்பது. உறுத்தலை முழு வாக்கியமாக, வினைச்சொல்லோடு முடித்து எழுதுங்கள். வினைச்சொல் இல்லாத குறிப்பு பெரும்பாலும் செத்த குறிப்பு. இது ஆய்வு முடிவு அல்ல, பிறர் குறிப்புகளையும் என் குறிப்புகளையும் பார்த்துப் பார்த்து வந்த முடிவு.

இன்னொரு சொல்லும் உண்டு. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பேசுவதை எழுதிக்கொள்ளலாம். போனில் பதிவு செய்யாதீர்கள், படம் எடுக்காதீர்கள். பெயர் காதில் விழுந்தாலும் குறிப்பில் வேண்டாம். சிறிய ஊர்களில் தெருவைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது கருவி. போனில் நீங்கள் ஏற்கெனவே நாள் முழுதும் திறந்து வைத்திருக்கும் ஆப் எதுவோ அதுதான் நல்லது. திறக்க மூன்று தட்டு தட்ட வேண்டிய ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும், நீங்கள் அதைத் தேடுவதற்குள் பஸ் வடுவூரைத் தாண்டிவிடும். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி 2022இல் வந்தது. தேதியும் நேரமும் தாமாக விழுகின்றன, தேடவும் முடிகிறது. பெரும்பாலோருக்கு இதுவே போதும். காப்புப் பிரதி எடுக்காமல் போனை மாற்றினால் எல்லாம் போய்விடும் என்பது அதன் குறை. கூகுள் கீப் போன்றவை கணக்கோடு சேர்ந்து இருப்பதால் போன் தொலைந்தாலும் குறிப்பு தொலையாது. எதில் எழுதினாலும் ஒரே லிபியில் எழுதுங்கள். ஒரு நாள் தமிழிலும் மறுநாள் ஆங்கில எழுத்தில் தமிழாகவும் எழுதி வைத்தால், ‘வாய்க்கால்’ என்று தேடும்போது பாதிக் குறிப்புகள் கண்ணில் படவே படாது.

குரலைப் பற்றிக் கேட்பீர்கள். கூகுள் விசைப்பலகையின் மைக்கில் தமிழில் சொன்னால் எழுதிக்கொள்கிறது. வீட்டுத் திண்ணையில் நன்றாக வரும். ஏர்ஹாரன் அலறும் தனியார் பஸ்ஸில் கந்தல்தான். ஊர்ப் பெயரிலும் ல, ள, ழ விலும் கோட்டை விடும். நம் ஊரில் சொல்லி எழுதவைப்பது பழைய வழக்கம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறையிலும் மாயூரத்திலும் இருந்த காலத்தில், அவர் வாய்விட்டுப் பாட்டுச் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஏட்டில் எழுத்தாணியால் எழுதிக்கொண்டே வருவார். அப்படி எழுதிய மாணவர்களில் உ.வே. சாமிநாதையரும் ஒருவர். ஆனால் அந்த மாணவருக்குத் தமிழ் தெரியும். சந்தேகம் வந்தால் கேட்பார். போன் கேட்காது, தப்பாகத் தெரிந்ததைத் துணிந்து எழுதிவிடும். ஆகவே குரலில் எழுதியதை இறங்கும் ஊர் வருவதற்குள் ஒரு முறை கண்ணால் பார்த்துத் திருத்திவிடுங்கள். மறுநாள் பார்த்தால் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கே புரியாது. ஆடியோவாகவே விட்டுவைப்பது இன்னும் மோசம். அதைத் திரும்பக் கேட்கப் பொறுமை உள்ளவர்கள் குறைவு, தேடவும் வழியில்லை.

காகிதமும் மோசம் இல்லை. என் சட்டைப்பையில் இன்றைக்கும் இருப்பது தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள். முன்பக்கம் தேதி, கிழமை, ராகு காலம் வரை அச்சாகியிருக்கிறது; பின்பக்கம் வெறுமை. நாள் குறிக்கும் வேலை மிச்சம். ஒரு தாளில் ஓர் எண்ணம்தான், இடம் இருக்கிறதே என்று இரண்டாவது கூடாது. வீட்டுக்கு வந்ததும் கடைக்காரர்கள் பில்லைக் குத்திவைக்கும் கம்பியில் குத்திவிடுவேன். பேனாவைவிடப் பென்சில் நல்லது. ஐப்பசி மழையில் நனைந்தாலும் கரையாது. பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் ஓர் எச்சரிக்கை. இப்போது கையடக்க மெஷினில் வருவது வெப்பத்தில் அச்சாகும் தாள். நீங்கள் பேனாவில் எழுதியது நிற்கும்; முன்னால் அச்சான ஊரும் தேதியும் சில மாதங்களில் வெளுத்துவிடும். ஊரையும் தேதியையும் டிக்கெட் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாமல் நீங்களே எழுதுங்கள்.

கையால் எழுதினால் நினைவில் நிற்கும் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். இதில் அவ்வளவு உறுதி வேண்டாம். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, மடிக்கணினியில் குறிப்பு எடுத்த மாணவர்களைவிடக் கையால் எழுதியவர்கள் கருத்துக் கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொன்னதாகக் காட்டியது. 2019இல் வேறொரு குழு அதைத் திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. மேலும் அவை வகுப்பறைப் பாடத்தைப் பற்றியவை, பஸ்ஸில் தோன்றியதைப் பற்றியவை அல்ல. உங்களுக்குக் கை வசதியா, போன் வசதியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; நினைவாற்றலை இதில் இழுக்க வேண்டாம்.

படம் எடுத்துவைத்தால் போதாதா என்றால், தனியாகப் போதாது. லிண்டா ஹென்கல் என்னும் ஆய்வாளர் அருங்காட்சியகத்தில் சிலரை நடத்திச் சென்று, சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள், படம் எடுத்த பொருள்கள் குறைவாகவே நினைவில் இருந்தன. அதன் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. 2014இல் வெளியான முடிவு இது. படம் எடுங்கள், ஆனால் அதே நிமிடம் அதற்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். போன் கேலரியில் எத்தனை வயல், எத்தனை கோபுரம், எத்தனை மதகு! எதற்காக எடுத்தோம் என்பது ஒன்றிலும் இல்லை.

தூங்கப்போகும் நேரத்தில் தோன்றுவது தனிக் கதை. ஓட்டோ லோவி என்னும் விஞ்ஞானி ஒரு நள்ளிரவில் விழித்து ஒரு சோதனைக்கான யோசனையைத் தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் தன் கையெழுத்தைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை. அடுத்த இரவு அதே யோசனை திரும்ப வந்தபோது தாளை நம்பாமல் எழுந்து நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டார். தவளை இதயத்தில் செய்த அந்தச் சோதனை, நரம்பின் செய்தி வேதிப்பொருள் வழியே கடத்தப்படுவதைக் காட்டியது. 1936இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவரே பிற்காலத்தில் சொன்ன கதை இது. நமக்கெல்லாம் எண்ணம் இரண்டாம் இரவும் கதவைத் தட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விளக்கைப் போட்டு, எழுந்து உட்கார்ந்து, முழு வாக்கியமாக எழுதிவிட்டுப் படுங்கள். வீட்டில் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

எண்ணம் ஏன் பஸ்ஸில் வருகிறது, மேசையில் வருவதில்லை என்றும் நீங்கள் கேட்கலாம். ஒரு வேலையை விட்டுச் சற்று நேரம் விலகியிருப்பது விடை கிடைக்க உதவுகிறது என்பதற்கு ஆய்வு ஆதரவு ஓரளவு இருக்கிறது. மனம் அலைய விட்டால் கற்பனை பெருகும் என்று அதற்கு மேல் போகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கணித மேதை பொங்காரே பயணிகள் வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில் தனக்கு ஒரு விடை தோன்றியதாக எழுதியிருக்கிறார். அதைச் சொல்கிறவர்கள், அதற்கு முன் அவர் அந்தக் கணக்கோடு எவ்வளவு மல்லாடினார் என்பதை விட்டுவிடுகிறார்கள். நீங்களும் ஊரைப் பற்றி யோசித்துக்கொண்டே இருப்பதால்தான் ஏரிக்கரையில் தோன்றுகிறது; பக்கத்து இருக்கைக்காரருக்கும் அதே ஏரிதான், அவர் தூங்குகிறார்.

எண்ணத்தைக் குறித்துவைப்பதைவிட முக்கியம், அதைத் திரும்ப எடுப்பது. பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், கம்பியில் குத்தியதையும் போனில் தட்டியதையும் எடுத்துப் படியுங்கள். உடனே எழுத வேண்டியதை மேசைமேல் வைத்துவிடுங்கள். உறுத்தல் போய்விட்டதைக் கிழித்துப் போடுங்கள், தயங்காதீர்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறவர் கடைசியில் எதையும் திறந்து பார்ப்பதில்லை. மூன்றாவது வகைதான் டெல்டாவில் எழுதுகிறவருக்கு அதிகம் வாய்க்கும்: பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டியவை. மேட்டூர் அணை திறப்பைப் பற்றித் தை மாதத்தில் தோன்றியதை, வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12ஆம் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் உங்கள் கண்ணில் படுமாறு வையுங்கள். போன் காலண்டரில் மே மாதத் தேதியில் நினைவூட்டலாகப் போடலாம். ஆடிப்பெருக்குக் குறிப்புக்கு ஜூலைத் தொடக்கம், திருவையாற்று ஆராதனைக்கு டிசம்பர், சம்பா அறுவடைக்கு மார்கழி. பத்திரிகைக்காரர்கள் தீபாவளி மலருக்கு ஆவணியிலேயே அலைவதும் இதே கணக்குத்தான்.

என்னிடம் இன்னும் நீண்ட காத்திருப்பு ஒன்று இருக்கிறது. கும்பகோணத்தில் 12 ஆண்டுக்கு ஒரு முறை வரும் மகாமகம் 2016இல் நடந்தபோது எழுதிய தாள்களை ஓர் உறையில் போட்டு, மேலே “2028” என்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று: “குளத்துக்குள் 20 கிணற்றையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்த மூதாட்டியை, 14ஆவதில் கூட்டம் தள்ளிவிட்டது. கோபப்படவில்லை. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினார்.” இதைப் போனில் வைத்திருந்தால் அது எத்தனை போன் மாறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆப்களும் நிலையாக இருப்பதில்லை. குறிப்புக்கென்றே பெயர் பெற்ற எவர்நோட், 2023 இறுதியில் இலவசக் கணக்குகளை 50 குறிப்புகளோடு நிறுத்திவிட்டது. ஆண்டுக்கணக்கில் வைக்க வேண்டியதைச் சாதாரண எழுத்துக் கோப்பாக எடுத்து மின்னஞ்சலில் ஒரு பிரதியும், காகிதத்தில் ஒரு பிரதியும் வையுங்கள்.

இதெல்லாம் கட்டுரை எழுதுகிறவருக்கான வழி. கதையும் கவிதையும் எழுதுகிறவர்களில் சிலர், எழுதி வைத்தால் எண்ணம் உறைந்துபோகிறது, உள்ளேயே புளிக்க விட வேண்டும் என்கிறார்கள். அவர்கள் தொழில் அவர்களுக்கு, நான் மறுக்கவில்லை. உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக் காலை மன்னார்குடியில் ஏறும்போதே போனில் குறிப்பு எழுதும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், ஜன்னல் ஓரமாக. பழைய குறிப்புகளில் புரியாதவற்றை இப்போது அழிக்க வேண்டாம். ஊர்ப் பெயர் உள்ளவற்றை மட்டும் எடுத்து, அந்த ஊரைப் பஸ் தாண்டும்போது படித்துப் பாருங்கள். சிலவற்றுக்கு இடம் ஞாபகம் கொடுக்கக்கூடும். கொடுத்தால் அங்கேயே மூன்று வாக்கியம் சேர்த்து எழுதிவிடுங்கள், அடுத்த நிறுத்தம் வருவதற்குள்.